பித்தளையா, உருக்கா? பட்டிப்பொலவில் ஒரு கிட்டாரின் குதிரை

சில மாதங்களுக்கு முன்னர் ஒரு துக்க வீட்டுக்காகப் பட்டிப்பொலவுக்குச் செல்ல நேர்ந்தது. காரியங்கள் முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, அந்த வீட்டுப் பிள்ளை ஒருவன், இருபத்தைந்து வயதிருக்கும், உரச் சாக்கில் சுற்றிய ஒரு பொருளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். பிரித்துப் பார்த்தால் ஒரு மின்கிட்டார். கடையில் வாங்கியதன்று, யாரோ கையால் செய்தது. பலாப்பலகை உடல், கறுத்துப்போன வார்னிஷ், தந்திகள் இரண்டு இல்லை. தந்திகள் வந்து ஏறும் இடத்தில் ஓர் இரும்புத் தகடு, அதன்மேல் மூன்று சிறு பித்தளைத் துண்டுகள். தகடு துருவேறிச் செந்நிறமாயிருந்தது. பித்தளையில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது.

“சார், இத எடுத்துட்டுப் புதுசா ஸ்டீல்ல போடட்டுமா? கொழும்புல ஒரு கடையில இருக்குன்னு சொல்றாங்க. பித்தளையிலயும் இருக்காம், வெல கூட. எது நல்லதுன்னு தெரியல. நீங்க பழைய ஆளு, பாட்டு பத்தியெல்லாம் எழுதியிருக்கீங்க” என்றான்.

பத்திரிகையாளனுக்கு எல்லாம் தெரியும் என்று நம்பும் நல்ல மனிதர்கள் நம் மலையகத்தில் இன்னும் இருக்கிறார்கள். “தம்பி, எனக்குக் கொஞ்ச நாள் அவகாசம் கொடு” என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தக் கொஞ்ச நாளில் தேடியதும், ஏற்கெனவே தெரிந்திருந்ததும் சேர்ந்து இக்கட்டுரையாகிறது. கேள்வி சிறியது. ஆனால் அதன் நுனியைப் பிடித்து இழுத்தால் தேயிலைத் தொழிற்சாலை, புகையிரதப் பாதை, வீணை, கலிபோர்னியா, தலைமன்னார் என்று ஒவ்வொன்றாகப் பின்னால் வந்துகொண்டேயிருக்கிறது.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். தந்தியின் அதிர்வு முடிகிற இடத்தில், தந்தியைத் தாங்கி நிற்கும் பாகத்தை ஆங்கிலத்தில் பாலம் என்பார்கள். கிட்டார்க்காரர்கள் ‘பிரிட்ஜ்’ என்றே சொல்கிறார்கள். நம் வீணைக்காரர்கள் அதனைக் ‘குதிரை’ என்பார்கள். மின்கிட்டாரின் பிரிட்ஜில் தந்தி நேரடியாக அமரும் சிறு துண்டுக்கு ‘சேடில்’, அதாவது சேணம், என்று பெயர். தமிழன் குதிரையைக் கண்டான், மேற்கத்தியன் சேணத்தைக் கண்டான். சவாரி செய்வது இரண்டிலும் தந்திதான். அந்தச் சேணம் எந்த உலோகத்தில் இருக்க வேண்டும் என்பதே அந்த இளைஞனின் கேள்வி.

கலிபோர்னியாவில் தொடங்கிய வழக்கு

மின்கிட்டாரின் பிறப்பே உருக்கோடு பிணைந்தது. 1930களின் தொடக்கத்தில் ஜோர்ஜ் போஷாம்ப், அடொல்ஃப் ரிக்கன்பாக்கர் ஆகியோர் அமெரிக்காவில் உருவாக்கிய முதல் வெற்றிகரமான மின்கிட்டார், மடியில் வைத்து உருக்குக் கோலால் வருடி வாசிக்கும் ஹவாயன் வகையைச் சேர்ந்தது. அதன் உடல் வார்ப்பு அலுமினியம். வடிவத்தைப் பார்த்து அதற்குப் ‘பொரிக்கும் சட்டி’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். காந்தத்தைச் சுற்றிச் செப்புக் கம்பிச் சுருள். அதற்கு மேல் அதிரும் தந்தி. தந்தி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது; சுருளில் சிறு மின்னோட்டம் பிறக்கிறது; ஒலிபெருக்கி அதைப் பெரிதாக்குகிறது. இது நடக்க வேண்டுமாயின் தந்தி காந்தத்துக்கு இணங்கும் உலோகமாக இருத்தல் வேண்டும். ஆகவே உருக்கும் நிக்கலும் தந்தியாயின. பித்தளைத் தந்தியை மின்கிட்டாரில் கட்டினால் காந்தம் அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. தந்தியைப் பொறுத்தமட்டில் வழக்கு அங்கேயே தீர்ந்துவிட்டது.

சேணத்தைப் பொறுத்தமட்டில் அப்படியன்று. கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் நகரில் வானொலி திருத்தும் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டர், 1950இல் பலகை உடல் கொண்ட கிட்டாரைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். ‘எஸ்குவயர்’ என்றும், பின்னர் ‘புரோட்காஸ்ட்டர்’ என்றும் அழைக்கப்பட்ட அது, அப்பெயரை ஒத்த பெயரில் இன்னொரு நிறுவனம் மேளம் விற்று வந்தமையால் 1951இல் ‘டெலிகாஸ்ட்டர்’ ஆயிற்று. அதன் பிரிட்ஜில் ஓர் உருக்குத் தகடு, அதன்மேல் மூன்று பித்தளை உருளைகள். ஒவ்வொன்றும் இரண்டு தந்திகளைத் தாங்கும். ஃபெண்டர் இசைக்கலைஞரல்லர், கிட்டார் வாசிக்கவும் தெரியாதவர். பித்தளையைக் கடைவதும் துளைப்பதும் மரையிடுவதும் எளிது. பட்டறைக்காரனின் அந்தக் கணக்கே போதுமான காரணமாக இருந்திருக்கும்.

1950களின் நடுப்பகுதியிலேயே அந்நிறுவனம் டெலிகாஸ்ட்டரின் பித்தளையைக் கைவிட்டு உருக்குக்கு மாறியது. 1954இல் வெளிவந்த ‘ஸ்ட்ராட்டோகாஸ்ட்டரில்’ வளைத்த உருக்குத் தகட்டினால் ஆன ஆறு சேணங்கள், தந்திக்கு ஒன்றாக அமைந்தன. அதே காலத்தில் போட்டி நிறுவனமான கிப்ஸன் அறிமுகப்படுத்திய பிரிட்ஜில் நிக்கல் பூசிய பித்தளைச் சேணங்கள் இருந்தன. பின்னர் 1960களில் அவர்கள் நைலோனையும் முயன்று பார்த்தார்கள். 1970களின் பிற்பகுதியிலோ பித்தளை மோகம் திடீரென்று திரும்பிவந்தது. ஒலி நீண்டு நிற்கும் என்று சொல்லி, கிட்டாரின் தலைப்பக்கத்துத் தாங்கியிலிருந்து பிரிட்ஜ் வரை எல்லாவற்றையும் கனத்த பித்தளையில் செய்து விற்றார்கள். சில ஆண்டுகளில் அந்த மோகமும் தணிந்தது.

இந்த வரலாற்றிலிருந்து ஒன்று தெளிவாகிறது. ஒலிக்காக மட்டும் எவரும் உலோகத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. செய்யும் வசதி, விலை, சுருதித் துல்லியம், சந்தை மோகம் ஆகிய நான்கும் சேர்ந்தே தேர்ந்தெடுத்தன.

வீணை சொல்லும் சாட்சி

நமக்கு இந்த வழக்கு புதிதன்று. தஞ்சாவூர் வீணையின் இருபத்து நான்கு மெட்டுகளும் பித்தளையிலோ வெண்கலத்திலோ வார்க்கப்பட்டு மெழுகின்மேல் பதிக்கப்படுபவை. குதிரை மரத்தாலானது, ஆனால் அதன் தலையில் சற்றே குவிந்த உலோகத் தகடு ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். தாளத் தந்திகளுக்குப் பக்கவாட்டில் வளைந்த பித்தளைத் துண்டு தனியே உண்டு. தந்தி உருக்கு, அது அமரும் இடம் செம்புக் கலவை. இந்தக் கல்யாணம் வீணையில் நெடுங்காலமாக நடந்துவருகிறது.

அந்தத் தகட்டின் குவிவில்தான் சூட்சுமம். 1921இல் சர் சி. வி. இராமன் வீணை, தம்புரா ஆகியவற்றின் குதிரையை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒரு தந்தியை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ, அந்தப் புள்ளியில் அசைவற்று நிற்கும் மேற்சுரங்கள் ஒலிக்கக்கூடாது என்பது ஐரோப்பிய அறிஞர்கள் நிறுவிய விதி. நம் வாத்தியங்களில் அவை ஒலிக்கின்றன என்பதை இராமன் காட்டினார். தந்தி கூரிய விளிம்பில் முடியாமல், அகன்று வளைந்த பரப்பை அதிர்வின்போது தொட்டும் விட்டும் செல்வதே காரணம். நோபல் பரிசுக்கு ஒன்பது ஆண்டுகள் முந்திய ஆராய்ச்சி அது.

இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம் எளியது. குதிரையின் உலோகத்தைவிட, தந்தி அதைத் தொடும் இடத்தின் வடிவம் முக்கியமானது. கூர்மையாயிருந்தால் ஒருவிதம், மழுங்கியிருந்தால் ஒருவிதம், தந்தி அறுத்த பள்ளம் விழுந்திருந்தால் வேறுவிதம். பித்தளை உருக்கைவிட மென்மையானது. ஆண்டுக்கணக்கில் உருக்குத் தந்தி அமர்ந்தால் பள்ளம் விழும். வீணை செய்பவர்கள் குதிரைத் தகட்டை அவ்வப்போது தேய்த்துச் சீராக்குவது இதனால்தான். பழைய கிட்டாரின் ஒலி மங்கிவிட்டது என்று உலோகத்தைப் பழிப்பதற்கு முன், அந்தப் பள்ளத்தைப் பார்ப்பது நன்று.

இயற்பியல் சொல்வதும் ஏறக்குறைய இதுவே. பித்தளை உருக்கைவிடச் சற்றுக் கனமானது. கன சென்ரிமீற்றருக்குப் பித்தளை ஏறத்தாழ 8.5 கிராம், உருக்கு 7.8 கிராம். ஆனால் விறைப்பில் பித்தளை உருக்கின் பாதியளவே. ஆகவே அதிர்வின் உயர்ந்த மேற்சுரங்களை இரண்டும் சற்று வெவ்வேறாக நடத்துகின்றன. பித்தளை ‘இதமானது’ என்றும், உருக்கு ‘பளீரென்றிருக்கும்’ என்றும் வாசிப்பவர்கள் சொல்வது முழுக்கக் கற்பனையன்று. ஆனால் பலகை உடல் கிட்டாரில் அந்த வேறுபாடு நூலிழை. புதுத்தந்தி, பழந்தந்தி வேறுபாடு அதைவிடப் பெரிது. ஒலிபெருக்கியின் ஒரு திருகைத் திருப்பினால் அது முற்றாக மறைந்துவிடும்.

மலையின் அடிவாரத்து உருக்கு

உருக்கு நமக்கு வெள்ளைக்காரன் கொண்டுவந்ததன்று என்பதையும் இவ்விடத்தில் சொல்லிவிட வேண்டும். பட்டிப்பொலவுக்கு அப்பால் ஹோட்டன் சமவெளி. அதன் தெற்குச் சரிவு இறங்கினால் பலாங்கொடைப் பக்கம் சமனலவெவ. அங்கே மலைச்சரிவுகளில், மேற்கு நோக்கிய முகத்தோடு வரிசை வரிசையாகப் பழைய உலைகள் கண்டுபிடிக்கப்பட்டன. தென்மேற்குப் பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு, கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை அங்கே உயர்தர உருக்கு செய்தார்கள் என்பதை ஜில் ஜூலெஃப் என்ற தொல்லியலாளர் அவற்றைப் போன்ற உலையைக் கட்டி எரித்துக் காட்டி, 1996இல் ‘நேச்சர்’ சஞ்சிகையில் நிறுவினார். மலையில் நம்மை நடுங்கவைக்கும் அதே காற்றுத்தான் கீழே இரும்பை உருக்கியிருக்கிறது.

பித்தளைக்கும் தொலைவு போக வேண்டியதில்லை. கண்டிக்கு அருகே பிலிமத்தலாவையில் குத்துவிளக்கும் தட்டும் வார்க்கும் பட்டறைகள் பெருவீதியோரத்திலேயே உண்டு. ஆக, இரண்டு உலோகங்களும் இந்த மலைக்கு உறவுமுறைதான்.

தொழிற்சாலையில் நடந்த அதே விவாதம்

இனி, அந்தக் கிட்டாரின் கதைக்கு வருகிறேன். அதிலிருந்த மூன்று பித்தளைத் துண்டுகளும் எங்கிருந்து வந்தன என்று அந்த வீட்டுப் பெரியவர் சொன்னார். தோட்டத் தொழிற்சாலையில் ‘ஃபிட்டர்’ வேலை பார்த்த உறவினர் ஒருவர், கொழுந்து உருட்டும் ரோலர் இயந்திரத்தில் தேய்ந்து கழித்த பித்தளைச் சட்டத்தை அரத்தால் அராவிச் செய்தவையாம்.

தேயிலைத் தொழிற்சாலைக்குள் சென்றவர்களுக்குத் தெரியும். வாடிய கொழுந்தை முறுக்கும் ரோலர் மேசை பித்தளைத் தகடு வேய்ந்தது. அதன்மேல் பிறை வடிவில் பித்தளைச் சட்டங்கள் பதிக்கப்பட்டிருக்கும். ஏன் பித்தளை? கொழுந்துச் சாறு இரும்பில் பட்டால் கறுத்துவிடும். தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து மைபோல ஆகும்; பழைய காலத்தில் கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து மை செய்தார்களே, அதே வித்தை. அந்தக் கறை தேநீரின் நிறத்தையும் சுவையையும் கெடுக்கும். ஆதலால் பச்சைக்கொழுந்து படும் இடத்தில் வெறும் இரும்பு ஆகாது. 1867இல் லூல்கந்துரையில் தேயிலையை வணிகப் பயிராகத் தொடங்கிய ஜேம்ஸ் டெய்லர், தம் வீட்டு விறாந்தை மேசையில் கையால் உருட்டியதாகச் சொல்வார்கள். கை போய் இயந்திரம் வந்தபோது பித்தளையும் கூடவே வந்தது. துருவேறா உருக்குப் பரவிய பின்னர் அதுவும் தொழிற்சாலைக்குள் புகுந்தது. ஆக, “பித்தளையா, உருக்கா?” என்ற கேள்வியைக் கிட்டார்க்காரர்களுக்கு முன்பே டீமேக்கர்கள் கேட்டுப் பதிலும் கண்டுவிட்டார்கள்.

அந்தக் கிட்டார் செய்யப்பட்டது 1970 அல்லது 1971 என்றார் பெரியவர். அந்தக் காலத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். 1970இல் பதவிக்கு வந்த அரசாங்கம் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதிகளை இறுக்கிப் பிடித்திருந்தது. 1977இன் இறுதியில் திறந்த பொருளாதாரம் வரும்வரை அந்தப் பிடி தளரவில்லை. அரிசிக்கும் மாவுக்குமே வரிசை. தோட்டத்துப் பையனுக்கு அமெரிக்கக் கிட்டாரை யார் இறக்குமதி செய்யப் போகிறார்கள்?

ஆனால் ஆசைக்கு இறக்குமதித் தடை இல்லை. வானொலியில் மேலைப் பாட்டும் பைலாவும் ஒலித்துக்கொண்டிருந்த காலம். பட்டிப்பொலவிலிருந்து புகையிரதத்தில் ஒஹிய, இதல்கஸ்ஹின்ன தாண்டினால் ஹப்புத்தளை. அந்த ஹப்புத்தளையில் 1943இல் பிறந்தவர் கிளாரன்ஸ் விஜேவர்தன. சிங்கள இசைக்குள் மின்கிட்டாரைக் கொண்டுவந்தவர் என்று கொண்டாடப்படுபவர். 1960களின் நடுப்பகுதியில் ‘மூன்ஸ்டோன்ஸ்’ குழுவோடு அவர் புகழடைந்தபோது, கிட்டார் என்பது கொழும்பு ஹோட்டல்களின் வாத்தியம் என்ற நிலை மாறி, பஸ்சிலும் கடைத்தெருவிலும் கேட்கும் வாத்தியமாயிற்று. 1996இல் அவர் காலமானபோது நாட்டின் எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. தமிழில் நித்தி கனகரத்தினமும், ஏ. ஈ. மனோகரனும் பொப்பிசையைப் பரப்பினார்கள். அந்த அலை லயங்களுக்கும் வந்து சேர்ந்தது. அதைப் பற்றித்தான் எவரும் எழுதவில்லை. மலையக இசை என்றால் தப்பு, காமன் கூத்து, பொன்னர் சங்கர் என்று எழுதுவார்கள், எழுத வேண்டியதுதான். ஆனால் கோயில் திருவிழாவுக்கு வந்த ஒலிபெருக்கிக்காரனின் பெட்டியில் தன் கைச்செய் கிட்டாரைச் செருகி வாசித்த பையனும் மலையக இசை வரலாற்றில் ஒரு வரியாவது பெறத் தகுதியுள்ளவன்.

லயத்தில் அப்போது மின்சாரம் கிடையாது. மின்கிட்டார் வைத்திருந்தவன் வீட்டில் அது ஊமை. திருவிழாவுக்கோ கலியாணத்துக்கோ ஒலிபெருக்கியும் மோட்டாரும் வரும் நாளில் மட்டும் அது பேசும். மேல்தந்திக்குச் சைக்கிள் பிரேக் கேபிளின் ஒற்றை இழை. காந்தத்துக்குப் பழைய தொலைபேசிக் குழலின் உள்ளுறுப்பு. எல்லாம் பெரியவர் சொன்னவை. படத்தில் பார்த்த டெலிகாஸ்ட்டரைப் போலவே, ஃபிட்டர் மூன்று சேணங்கள் வைத்திருந்தார்.

அழுகைக் கோச்சி

கிட்டாருக்கு உரியவர், இந்த இளைஞனின் பாட்டனாரின் தம்பி. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. ஒரு குடும்பத்திலேயே அண்ணனுக்கு இலங்கை, தம்பிக்கு இந்தியா என்று விழுந்த சீட்டுகள் எத்தனையோ. இந்தக் குடும்பமும் அவற்றுள் ஒன்று.

மலையகத்து நிலையங்களிலிருந்து தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றிச் சென்ற புகையிரதத்துக்கு நம்மவர்கள் வைத்த பெயர் ‘அழுகைக் கோச்சி’. மேடையில் நிற்பவர்களும் அழுவார்கள், பெட்டியில் இருப்பவர்களும் அழுவார்கள். தலைமன்னாரிலிருந்து கப்பல், அக்கரையில் இராமேஸ்வரம். 1893இல் ஹப்புத்தளை வரை நீட்டப்பட்ட இந்தப் பாதை தேயிலையை இறக்குவதற்காகப் போடப்பட்டது. நாட்டிலேயே உயரமான நிலையமான பட்டிப்பொல, கடல்மட்டத்திலிருந்து 6,200 அடிக்கு மேலே. அந்த உயரத்துக்குத் தண்டவாளம் ஏற்றியவர்கள் மனிதரையும் ஒருநாள் இறக்குவார்கள் என்று எண்ணியிருக்க மாட்டார்கள்.

1973இல் தம்பி போனார். கிட்டாரைக் கொண்டுபோகவில்லை. சுங்கத்தில் தடுப்பார்களோ என்ற பயம் ஒன்று. பாத்திரம் பண்டத்துக்கே இடமில்லாத மூட்டை இன்னொன்று. “கடிதம் போடுறேன், அப்புறம் அனுப்பி வைங்க” என்றாராம். நீலகிரியில், தாயகம் திரும்பியோருக்காகத் தமிழக அரசு அமைத்த தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்ததாக ஒரு கடிதம் வந்தது. கிட்டாரை அனுப்பும்படி எந்தக் கடிதத்திலும் இல்லை. 1984இல் கப்பலே நின்றுவிட்டது. அவர் அங்கேயே காலமானார். இந்த வாத்தியம் அடுப்புப் பரணில் ஐம்பது ஆண்டுகள் புகை குடித்தது. பனி ஊறும் பட்டிப்பொலவில் அது மக்கிப் போகாததற்கு அந்தப் புகையும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பையனுக்குச் சொன்னது

இவ்வளவும் தெரிந்த பின்னர், பித்தளையைக் கழற்றாதே என்று சொல்வது சுலபம். ஆனால் பையனின் நிலையையும் பார்க்க வேண்டும். அவன் மரக்கறித் தோட்டத்தில் நாட்கூலிக்கு வேலை செய்கிறான். சனி, ஞாயிறுகளில் கலியாண வீடுகளில் வாசிக்கும் ஒரு குழு அவனைச் சேர்த்துக்கொள்ளத் தயாராயிருக்கிறது. சொந்தக் கிட்டார் வேண்டும் என்பது நிபந்தனை. 2022இல் ரூபாய் சரிந்து, 200 ரூபாயாக இருந்த டொலர் சில வாரங்களில் 360 ரூபாயைத் தாண்டிய பின்னர், புதுக்கிட்டார் அவனுக்கு எட்டாக்கனி. ஆகவே இந்த வாத்தியம் வேலை செய்தாக வேண்டும். நினைவுச்சின்னமாகச் சுவரில் தொங்குவதற்கு அவனிடம் சுவர்கூட அவ்வளவு நன்றாக இல்லை.

மூன்று சேண அமைப்பில் உண்மையான குறை ஒன்றுண்டு. ஒரு சேணத்தில் இரண்டு தந்திகள் இருப்பதால், ஒன்றின் நீளத்தைச் சுருதிக்குச் சரிசெய்தால் மற்றது சற்றுத் தவறும். திறந்த தந்தியில் சுருதி சேர்ந்திருக்கும். மேலேறி வாசித்தால் பிசகும். தனியே வாசிப்பவனுக்கு அது குற்றமன்று. கீபோர்ட்டோடு சேர்ந்து வாசிப்பவனுக்குக் குற்றம். ஃபெண்டரின் மூன்று சேணங்களிலும் இதே குறை இருந்தது. இதற்கு இரண்டு பரிகாரம் உண்டு. ஒன்று, ஆறு சேணம் கொண்ட பிரிட்ஜை வாங்குவது. மற்றது, இருக்கும் துண்டுகளைச் சற்றுச் சாய்வாக நிற்கும்படி துளைத்து, இரண்டு தந்திக்கும் இருவேறு நீளம் கொடுப்பது. இன்று டெலிகாஸ்ட்டர் பிரியர்கள் பலர் இந்த இரண்டாவது வழியையே பின்பற்றுகிறார்கள். அதற்கென்றே சாய்வாகத் துளைத்த பித்தளைச் சேணங்கள் விற்பனையாகின்றன.

ஆகவே பின்வருமாறு அவனுக்குச் சொன்னேன். இதே கேள்வி உள்ள வேறு எவருக்கேனும் பயன்படும் என்பதால் இங்கும் எழுதுகிறேன்.

பித்தளையா, உருக்கா என்பதைவிட, கடையில் தருவது பித்தளைதானா, உருக்குத்தானா என்று பார்ப்பது முதல் வேலை. மலிவான பிரிட்ஜ்களில் பெரும்பாலானவை நாகக் கலவை வார்ப்பின்மேல் குரோமியம் பூசியவை. அவை மென்மையானவை, மரை சீக்கிரம் தேயும். ஒரு சிறு காந்தத்தைக் கொண்டுபோ. சாதாரண உருக்கானால் ஒட்டும். பித்தளையிலும் நாகக் கலவையிலும் ஒட்டாது. துருவேறா உருக்கிலும் சில வகைகளில் ஒட்டாது. அடிப்புறத்தைச் சற்றே கீறிப் பார். மஞ்சள் தெரிந்தால் பித்தளை, மங்கிய சாம்பல் தெரிந்தால் நாகம்.

இரண்டாவது, அளவு. தந்திகளின் இடைவெளி பழைய அங்குலக் கணக்கில் ஒருவகை, புதிய மில்லிமீற்றர்க் கணக்கில் இன்னொரு வகை. பழைய ஃபெண்டர் அளவில் முதல் தந்திக்கும் ஆறாம் தந்திக்கும் இடையே ஏறத்தாழ 54 மில்லிமீற்றர். கையால் செய்த உன் கிட்டாருக்கு இரண்டுமே பொருந்தாமல் போகலாம். பொருந்தாததைப் பொருத்தப் பலகையைத் துளைத்துவிட்டால் பின்பு மீட்க முடியாது.

மூன்றாவது, நம் காலநிலை. பட்டிப்பொலவில் ஆண்டின் பெரும்பகுதி பனியும் ஈரமும். சாதாரண உருக்குச் சேணமும் அதன் சிறு திருகாணிகளும் ஒரு மழைக்காலத்திலேயே துருப்பிடித்து இறுகிவிடும். பித்தளையில் களிம்பு ஏறும். ஆனால் அது மேல்தோலோடு நிற்கும், உள்ளே அரிக்காது. அம்மா குத்துவிளக்கை எதனால் துலக்குகிறார்களோ, அதே புளி போதும். துலக்கியபின் நன்றாகக் கழுவி உலர்த்தித் துளி எண்ணெய் தடவ வேண்டும். புளியின் அமிலம் மிஞ்சினால் அதுவே அரிக்கும். உருக்குத்தான் வேண்டுமென்றால் துருவேறா உருக்கு. அதற்கு விலை அதிகம்.

இந்த மூன்றையும் கூட்டிக் கழித்தால், உன் நிலையில் என் தீர்ப்பு இது: சேணத்துக்குப் பித்தளையே இருக்கட்டும். துருவேறிய அடித்தகட்டைத் தேய்த்து வண்ணம் பூசு. திருகாணிகளை மட்டும் துருவேறா உருக்கில் மாற்று. தந்திப் பள்ளங்களை மெல்லிய அரத்தால் சீராக்கு. துளையைச் சாய்வாக்கிப் பார். சுருதி சேர்ந்தால் காசு மிச்சம். சேராவிட்டால் ஆறு சேண உருக்குப் பிரிட்ஜை வாங்கு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஃபெண்டரே மாற்றியவர்தான். ஆனால் அந்த மூன்று துண்டுகளையும் ஒரு டப்பியில் போட்டு வை.

மூன்று கிழமைகளுக்குப் பின்னர் தொலைபேசியில் அழைத்தான். நுவரெலியாவில் ஒரு லேத் பட்டறையில் சாய்வுத் துளை போட்டுக் கொடுத்தார்களாம். செலவு, புதுப்பிரிட்ஜின் விலையில் கால்வாசிக்கும் குறைவு. கீபோர்ட்டோடு சேர்த்து வாசித்துப் பார்த்ததில் பரவாயில்லை என்று குழுவின் மூத்தவர் சொல்லியிருக்கிறார். “ஆனா சார், ஒண்ணு சொல்லணும்” என்றான். களிம்பைத் துலக்கியபோது துண்டுகளின் அடிப்புறத்தில் ஃபிட்டர் பொட்டுக்கோலால் அடித்த அடையாளம் தெரிந்ததாம். ஒன்றில் ஒரு புள்ளி, அடுத்ததில் இரண்டு, மற்றதில் மூன்று. எது எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதற்கான வரிசை. அதைக் கவனியாமல் முதலில் மாற்றிப் போட்டு, ஏன் தந்தி உயரம் சரிவரவில்லை என்று ஒரு முழுநாள் திண்டாடியிருக்கிறான்.

தோட்டத் தொழிற்சாலைகளின் ஆவணங்களில் அந்த ஃபிட்டரின் பெயர் கூலிப் பட்டியலில் எங்கேனும் இருக்கலாம். அவர் கிட்டார் செய்தார் என்பது எந்த ஆவணத்திலும் இருக்காது. அந்தப் புள்ளிகளைக் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். இத்தகைய கைச்செய் வாத்தியங்கள் வேறு தோட்டங்களிலும் பரண்களில் கிடக்கக்கூடும். வாசகர்கள் எவரிடமேனும் இருந்தால், புது உலோகம் மாற்றுவதற்கு முன் அடிப்புறத்தை ஒருமுறை துலக்கிப் பாருங்கள்.